கொலுவில் ‘சந்திரலேகா’ முரசு நடனம்: கறுப்பு வெள்ளையில் வைப்பது எப்படி?

முத்தியால்பேட்டை கொலு:
வணக்கம். இந்த நவராத்திரிக்குக் கொலுப்படி பக்கத்தில் தனிப் பெட்டியாக 1948-ல் வந்த ‘சந்திரலேகா’ படத்தின் முரசு நடனம் வைக்கப் போகிறோம். பெட்டி 3 அடி அகலம், 2 அடி ஆழம். முன்வரிசைப் பொம்மை 6 செ.மீ. படம் மாதிரியே கறுப்பு வெள்ளையில்தான் வேண்டும். இவ்வளவு சின்ன இடத்தில் அந்தப் பிரம்மாண்டம் வருமா? பொம்மைக்கு எது சரி, களிமண்ணா காகிதக்கூழா? தெர்மாகோல் முரசு ஸ்ப்ரே பெயின்ட் பட்டதும் குழி விழுகிறதே, ஏன்?

வண்டிப்பாளையம்:
ஸ்ப்ரேயில் இருக்கும் கரைப்பான் தெர்மாகோலைத் தின்றுவிடும். ஃபெவிக்விக்கும் அப்படித்தான். முரசுக்கு பிவிசி பைப் எடுங்கள். படத்தில் முரசுக்குள்தானே வீரர்கள் ஒளிந்திருப்பார்கள், பைப் என்றால் உள்ளே காலியாக இருக்கும். முன்வரிசைக்கு 75 மி.மீ, அடுத்து 50, 32, கடைசிக்கு 20 மி.மீ பைப். பொம்மை உயரம் அதே வரிசையில் 60, 40, 25, 16 மி.மீ. பைப்பை வெட்டும் நீளம் 70, 47, 30, 19 மி.மீ. எண்ணிக்கை 5, 7, 12, 18 என்று பின்னால் போகப் போகக் கூடட்டும். எல்லா வரிசையிலும் ஒரே எண்ணிக்கை வைத்தால் ஆழமே தெரியாது.

பலர் கோட்டை விடுவது தரையில்தான். சமதளத்தில் வைத்தால் பின்வரிசை குள்ளமாகத் தெரியுமே தவிர தூரமாகத் தெரியாது. பார்ப்பவர் கண் முன்தரையிலிருந்து 14 செ.மீ உயரத்தில் இருந்தால், 14-லிருந்து (14 × அந்த வரிசையின் விகிதம்) கழித்தால் தரை ஏற வேண்டிய உயரம் கிடைக்கும். விகிதம் என்றால் அந்த வரிசைப் பொம்மை உயரத்தை முன்வரிசைப் பொம்மை உயரத்தால் வகுப்பது; இரண்டாம் வரிசைக்கு 40/60. ஆக 4.7 செ.மீ. மூன்றாவது 8.2, நான்காவது 10.3. படியாக வைக்காமல் சன்போர்டை (இலேசான நுரைப் பலகை) சரிவாகப் போடுங்கள், இடைவெளியில் படி விளிம்பு தெரியாது.

வழவழப்பான பைப்பில் அக்ரிலிக் ஒட்டாது, உரிந்து வரும். 120 நம்பர் உப்புத்தாளால் தேய்த்துவிட்டுப் பூசுங்கள். முரசுத் தோலுக்குக் காடாத்துணியை ஃபெவிகாலில் நனைத்து இழுத்து ஒட்டினால் காய்ந்ததும் விறைப்பாக நிற்கும்.

திருக்கனூர் பக்கம்:
காகிதக்கூழ்தான், சந்தேகமே வேண்டாம். நம்ம திருக்கனூர் வேலைக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. இத்தனை சின்ன அளவில் சுடாத களிமண் கை விரல் நிற்காது.

செய்தித்தாளை ஒருநாள் ஊறவைத்து மிக்ஸியில் இரண்டு முறை அரையுங்கள். ஒரு முறை அரைத்தால் நார் நிற்கும், முகம் வராது. பிழிந்த கூழ் 2 கப், சாக் பவுடர் 1 கப், ஃபெவிகால் அரை கப், கிராம்பு எண்ணெய் நாலைந்து சொட்டு. மைதா பசை வேண்டாம், கரப்பான் தேடி வரும்.

எலும்புக்கூட்டுக்கு 1.5 மி.மீ அலுமினியக் கம்பி. கட்டுக்கம்பி போட்டால் ஈரக்கூழும் நம்ம கடல்காற்றும் சேர்ந்து துருவேற்றிவிடும். அந்தப் பழுப்புக் கறை பெயின்டைத் தாண்டி வெளியே வரும். வண்ணப் பொம்மையில் மறைக்கலாம், சாம்பல் நிறத்தில் மறைக்கவே முடியாது. தலை 8.5 மி.மீ, அதாவது உடலில் ஏழில் ஒரு பங்கு. கூழை 2 மி.மீ கனத்துக்கு மேல் ஒரே தடவையில் அப்ப வேண்டாம். வெளியே காய்ந்து உள்ளே ஈரம் நின்றால் வெடிக்கும், கருப்புப் பூஞ்சை பிடிக்கும். புரட்டாசி மழை வந்துவிட்டால் காயவைப்பது பெரும்பாடு, ஆடியிலேயே ஆரம்பியுங்கள்.

16 மி.மீ பொம்மைக்கு முகம் செதுக்க மெனக்கெட வேண்டாம். கம்பியை முறுக்கி, கூழில் தண்ணீர் விட்டு முக்கி எடுத்தால் போதும். கை தூக்கிய விதம் சரியாக இருந்தால் ஆடுவது தெரியும்.

மஞ்சக்குப்பம் ஓவியம்:
பெயின்ட் பற்றி. கறுப்பும் வெள்ளையும் மட்டும் கலந்தால் சாம்பல் நீலம் ஓடும். துளி பர்ன்ட் அம்பர் (அடர் பழுப்பு) சேருங்கள். வெள்ளையில் கறுப்பைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஐந்து சாயல் கலந்து மூடி போட்ட டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள், பாதியில் தீர்ந்தால் அதே சாயல் திரும்ப வராது. பின்வரிசைக்கு முழுக் கறுப்பும் வேண்டாம், முழு வெள்ளையும் வேண்டாம், நடுச்சாயல் மூன்று போதும். வார்னிஷ் பளபளக்காத மேட் வகையாக இருக்கட்டும்.

வெளிச்சம் 6500 கெல்வின் கூல் ஒயிட். வார்ம் ஒயிட் போட்டால் எல்லாம் மஞ்சளடிக்கும். எல்இடி ஸ்ட்ரிப் மட்டும் போட்டால் நிழலே விழாது, பழைய படத்தின் அழகே அந்த நிழல்தான். இடப்பக்க மேல் மூலையில் 3 வாட் ஸ்பாட் ஒன்று, ஸ்ட்ரிப் டிம்மரில் மங்கலாக. மீட்டருக்கு 4.8 வாட் ஸ்ட்ரிப் 2 மீட்டருக்கு 12 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டர் தாராளம். கொலுவின் சீரியல் செட் கலர் உள்ளே பட்டால் எல்லாம் வீண். பெட்டி முகப்பில் 4 அங்குலம் கறுப்புத் தடுப்பு நீட்டுங்கள்.

என் கருத்து: முன்வரிசை ஐந்தில் இரண்டு முரசைத் திறந்து வீரர்கள் வாளோடு எழுவதாக வையுங்கள், பின்னால் ஆட்டம் நடக்கட்டும். வெறும் ஆட்டம் மட்டும் வைத்தால் கதையில் பாதிதான்.

முத்தியால்பேட்டை கொலு:
நன்றி சார், அருமை. எங்கள் வீட்டில் எல்லாரும் பாயில் உட்கார்ந்துதான் பார்ப்பார்கள். அந்த 14 செ.மீ கணக்கு மாறுமா?

வண்டிப்பாளையம்:
கணக்கு மாறாது, பெட்டியின் உயரம்தான் மாறும். தரையில் உட்கார்ந்த பெரியவர் கண் சுமார் 75 செ.மீ உயரத்தில் இருக்கும். 14 போக 61, அதாவது 2 அடி ஸ்டூல். பாயை பெட்டிக்கு நேர் நடுவில், 5 அடி தள்ளிப் போடுங்கள். பக்கவாட்டில் உட்கார்ந்தால் சரிவு காட்டிக்கொடுத்துவிடும்.