வில்லி மிட்செல் என்று இரண்டு பேர்: தெரிந்ததை எழுதுங்கள்

இசைத்தட்டு_45:
வில்லி மிட்செல் என்று தேடினால் இரண்டு பேருடைய தகவல் ஒன்றாகக் குழம்பி வருகிறது. ஒருவர் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரத்து ஸோல் இசைத் தயாரிப்பாளர், ஹை ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் மூளை, பாடகர் அல் கிரீனை உலகறியச் செய்தவர். மற்றவர் கான்சாஸ் சிட்டி சீஃப்ஸ் என்ற அமெரிக்கன் ஃபுட்பால் அணியின் கார்னர்பேக் (ஓரத்துத் தடுப்பாட்டக்காரர்), 1967 ஜனவரி 15இல் நடந்த முதல் சூப்பர் பவுல் இறுதி ஆட்டத்தில் ஆடியவர். டிரம்பெட் ஊதியவரே பந்தும் ஆடினார் என்று நினைத்துக்கொள்பவர்களும் உண்டு. தயாரிப்பாளர் 1928இல் பிறந்தவர். அந்த ஆட்டத்தின்போது அவருக்கு 38 வயது. அந்த வயதுக்காரரைக் கார்னரில் நிறுத்த மாட்டார்கள்.

இருவரின் தொழில் பற்றியும் திட்டமாகத் தெரிந்ததைப் போடுங்கள். 'அந்தப் பாட்டை முதலில் கேட்டபோது வெளியே மழை' வகையறா வேண்டாம். கருவி, முறை, கணக்கு, எங்கே சொதப்பும், அவ்வளவுதான்.

ரிப்பன்மைக்:
தயாரிப்பாளரிலிருந்து ஆரம்பிக்கிறேன். அவர் பதிவு செய்த இடமான, தெற்கு மெம்ஃபிஸில் உள்ள ராயல் ஸ்டூடியோ ஒரு பழைய சினிமாக் கொட்டகை. இருக்கைகளை எடுத்தார்கள், சரிந்த தரையைச் சமப்படுத்தவில்லை. தரையும் கூரையும் இணையாக இல்லாததால் ஒலி இரண்டுக்கும் நடுவே மாறி மாறி அடித்து ஒரு குறிப்பிட்ட ஸ்வரத்தை மட்டும் வீங்க வைப்பது குறையும். சுவரில் சாக்குத்துணியும் பஞ்சும். அதனால் அறையின் எதிரொலி மிகக் கம்மி. ஹை தட்டுகளில் வாத்தியங்கள் காதுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பதுபோல் கேட்பதற்கு இதுதான் முதல் காரணம். மிட்செல் கடைசிவரை அந்த அறையைப் பெரிதாக மாற்றவே விடவில்லை.

ஹை ரெக்கார்ட்ஸுக்கு அவர் வந்தது தயாரிப்பாளராக அல்ல, டிரம்பெட் வாசிக்கும் பேண்டு மாஸ்டராக. 1964இல் வந்த '20-75', 1968இல் வந்த 'ஸோல் செரினேட்' எல்லாம் அவர் பெயரிலேயே வந்த வாத்திய இசை. 1970இல் ஹையின் தலைவர் ஜோ குவோகி இறந்த பிறகு நிறுவனத்தின் பொறுப்பு பெரும்பாலும் இவர் கைக்கு வந்தது. ஒலிப்பதிவு மேசையிலும் அவரேதான் உட்கார்ந்தார். வாத்தியக்காரர்களுக்குச் சைகை காட்டுகிற கையும் ஒலியளவுப் பிடியான ஃபேடரைத் தள்ளுகிற கையும் ஒரே ஆளுடையது என்பதால் இடையில் மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை.

பேண்டு நிரந்தரம்: ஹாட்ஜஸ் சகோதரர்கள் மூவர், அதாவது கிடாரில் டீனி, ஆர்கனில் சார்லஸ், பேஸில் லீராய். டிரம்ஸில் ஹாவர்ட் க்ரைம்ஸ் அல்லது அல் ஜாக்சன் ஜூனியர். ஜாக்சன் ஸ்டாக்ஸ் நிறுவனத்தின் புக்கர் டி அண்ட் தி எம்.ஜி.ஸ் குழுவிலும் வாசித்தவர். முதலில் இந்த ரிதம் மட்டும் ஒன்றாக உட்கார்ந்து வாசிக்கும். காற்று வாத்தியமும் வயலினும் பின்னணிக் குரலும் பிறகு மேலே ஏறும். அடித்தளம் சரியாக விழாவிட்டால் மேலே எதை ஏற்றினாலும் நிற்காது. அதனால் நேரம் பூராவும் அங்கேதான் செலவழியும்.

கஞ்சிராக்காரி:
ரிப்பன்மைக் அண்ணா, அந்த டிரம்ஸ் ஒலிக்கு வழி சொல்லுங்க. அல் கிரீனோட 'லெட்ஸ் ஸ்டே டுகெதர்'ல ரெண்டாவது, நாலாவது அடி 'டப்'னு மொத்தமா விழுதே, அது ஸ்னேர் மட்டும் இல்லைதானே? வீட்ல முயற்சி பண்றவங்களுக்கு ஸ்னேர் எப்பவும் 'டிங்'னு ஊளையிடுது.

ரிப்பன்மைக்:
இல்லை தங்கச்சி, ஸ்னேரோடு (அடியில் கம்பிச்சுருள் கட்டிய டிரம்) டாமும் (கம்பி இல்லாத டிரம்) சேர்ந்து விழுகிறது. வீட்டில் செய்ய:

ஸ்னேர் தோலின் ஓரத்தில், கால்வாசிப் பரப்பு மூடுகிற மாதிரி ஒரு பர்ஸோ மடித்த துண்டோ வையுங்கள். அல் ஜாக்சன் பர்ஸைத்தான் வைப்பார் என்பது மெம்ஃபிஸ் வழக்கில் உள்ள பேச்சு. நடுவில் வைத்தால் அடியே செத்துவிடும். தரையில் நிற்கிற பெரிய டாமான ஃப்ளோர் டாமின் தோலை, சுருக்கம் மறைகிற இடத்திலிருந்து கால் திருப்பு மட்டும் இறுக்குங்கள். இரண்டு கையும் ஒரே கணத்தில் விழ வேண்டும். டாம் துளி முந்தினாலும் இரண்டு அடியாகக் கேட்கும். பெரும்பாலானோர் சொதப்புவது இங்கேதான். பிறகு அதைக் கணினியில் நகர்த்திச் சரிசெய்கிறேன் என்று உட்கார்ந்தால் மற்ற மைக்கில் கசிந்த ஒலி பழைய இடத்திலேயே இருக்கும், இன்னும் மோசமாகும். வாசித்தே சரிசெய்யுங்கள். டிரம்ஸ் முழுக்க இரண்டு மூன்று மைக் போதும். மைக் கூடக் கூட ஒன்றின் ஒலி இன்னொன்றில் தாமதமாக நுழைந்து அடிப்பகுதி மெலிந்துபோகும்.

குரலுக்கு வருகிறேன். ராயலில் அல் கிரீன் பாடியது ஆர்.சி.ஏ. ரிப்பன் மைக்கில். ஒன்பதாம் எண் மைக் என்றே அதற்குப் பெயர். ரிப்பன் மைக்கின் வெளியீடு மிகச் சன்னம். மென்குரலுக்கு, ஒலியைப் பெருக்குகிற ப்ரீஆம்பில் 60 டெசிபெல்லுக்குக் குறையாமல் தேவைப்படும், மலிவான கருவியில் இரைச்சல்தான் முதலில் வரும். அரையடிக்குள் நெருங்கினால் கீழ்ஸ்தாயி தடிக்கும். பகரம் விழும்போது காற்று நேரே அடித்தால் உள்ளே உள்ள அலுமினியத் தகடு நீண்டு தொங்கிவிடும், எனவே மைக்கைச் சற்றுச் சாய்த்து வையுங்கள். மிட்செல் கிரீனிடம் கேட்டது ஒன்றே ஒன்று: கத்தாதே, இறக்கிப் பாடு. கிரீனுக்கு அது பிடிக்கவில்லை. அந்தக் காலத்து ஆண் ஸோல் பாடகர்கள் தொண்டையைக் கிழித்துப் பாடிப் பெயர் வாங்கியவர்கள். ஆனால் சன்னமாகப் பாடும்போதுதான் அந்த மைக் வேலை செய்யும். குரலின் ஓரத்தில் வருகிற மூச்சு, சிரிப்பு, முனகல் எல்லாம் அப்போதுதான் பதியும். 'லெட்ஸ் ஸ்டே டுகெதர்' தட்டு 1972 தொடக்கத்தில் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் போனது.

இசைத்தட்டு_45:
ஆன் பீபிள்ஸின் 'ஐ கான்ட் ஸ்டாண்ட் த ரெய்ன்' (1973) பாடலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மழைத்துளி மாதிரி ஆரம்பத்தில் வருவது எலக்ட்ரிக் டிம்பாலி என்ற மின் தாள வாத்தியம். அப்போது புதுசாக வந்த பொருள். மற்ற வாத்தியத்தையெல்லாம் எடுத்துவிட்டு அதை மட்டும் தனியாக முன்னால் நிறுத்தியதுதான் தயாரிப்பாளரின் கைவேலை. சேர்க்கத் தெரிந்தவர் ஊருக்குப் பத்துப் பேர் இருப்பார்கள்.

நாலாவது_டவுன்:
இனி பந்துக்காரர். இது காலால் உதைக்கிற ஆட்டமல்ல, அமெரிக்கன் ஃபுட்பால். கார்னர்பேக் என்றால் மைதானத்தின் ஓரத்தில் எதிரணியில் பாஸ் பிடிக்க ஓடுகிற ரிசீவரைத் தனியாகக் காவல் காப்பவர். எதிராளிக்கு எங்கே ஓடப்போகிறோம் என்று தெரியும், இவருக்குத் தெரியாது. அவர் முன்னோக்கி ஓடுவார், இவர் பின்னோக்கி.

மிட்செல் டென்னசி ஸ்டேட்டில் படித்து 1960களின் நடுவில் சீஃப்ஸுக்கு வந்தார். கறுப்பினக் கல்லூரிகளை மற்ற அணிகள் சரியாகத் திரும்பிப் பார்க்காத காலத்தில் சீஃப்ஸ் அங்கிருந்துதான் ஆள் எடுத்தது. கிராம்பிளிங்கிலிருந்து பக் புக்கானன், ப்ரெய்ரி வியூவிலிருந்து ஓடிஸ் டெய்லர், பிஷப் கல்லூரியிலிருந்து எம்மிட் தாமஸ்.

முதல் சூப்பர் பவுலில் கிரீன் பே பாக்கர்ஸ் 35-10 என்று ஜெயித்தது. பாக்கர்ஸின் ரிசீவர் மாக்ஸ் மெகீ அந்தப் பருவம் முழுக்க நாலே நாலு பாஸ் பிடித்தவர். அதே அணியின் ரிசீவர் பாய்ட் டவ்லர் தோளில் அடிபட்டு வெளியேறியதால் உள்ளே வந்தார். முதல் கால் பகுதியில் பாக்கர்ஸின் பந்து வீசுபவர் பார்ட் ஸ்டார் வீசிய 37 கெஜ பாஸ் மெகீக்குச் சற்றுப் பின்னால் வந்தது. ஒற்றைக் கையைப் பின்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டே ஓடினார். சூப்பர் பவுல் வரலாற்றின் முதல் டச்டவுன் (பந்தை எதிரணியின் கடைசிக் கோட்டுக்கு அப்பால் சேர்ப்பது) அது. காவலில் இருந்தவர் மிட்செல். ஆட்டம் முடியும்போது மெகீ கணக்கில் 7 பாஸ், 138 கெஜம், 2 டச்டவுன்.

ஏன் நடந்தது என்று பாருங்கள். சீஃப்ஸ் தடுப்பில் லைன்பேக்கர்கள் (இரண்டாம் வரிசைத் தடுப்பாளர்கள்) முன்வரிசைக்குப் பின்னால் அடுக்கி நிற்பார்கள். ஓட்டத்தைத் தடுக்க அது நல்ல ஏற்பாடு. ஆனால் ஓரத்தில் கார்னர் தனியாளாகிவிடுவார், உள்பக்கம் உதவிக்கு ஆள் தாமதமாகத்தான் வரும். பாக்கர்ஸ் படச்சுருள் பார்த்துக் கண்டுபிடித்தது அந்த ஓட்டையை. இப்படி நிற்கிற கார்னர் ஏழு கெஜம் தள்ளி நின்றால் ரிசீவர் மூன்றே எட்டில் உள்பக்கம் வெட்டிவிடுவார். நெருங்கி நின்றால் தலைக்கு மேல் நீளப் பந்து விழும். இரண்டையும் ஒரே ஆள் அடைக்க முடியாது, ஒன்றை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். உதவி இல்லாத பக்கம் உள்பக்கம் என்றால் உள்தோளில் நிற்க வேண்டும் என்பது பாடம். கண் ரிசீவரின் இடுப்பில் இருக்கணும். தலையும் தோளும் பொய் சொல்லும், இடுப்பு திரும்பாமல் ஆள் திரும்ப முடியாது. பந்தைத் தேடிக் கண் பின்னால் போனால் ஒரு எட்டு போச்சு, அந்த மட்டத்தில் ஒரு எட்டு போதும்.

அந்தக் காலத்து விதியில் பந்து கையை விடும்வரை ரிசீவரைத் தட்டித் தள்ளலாம். ஐந்து கெஜத்துக்கு மேல் தொடக்கூடாது என்ற விதி 1978இல்தான் வந்தது. ஆகவே மிட்செலுக்கு இன்றைய கார்னரைவிட ஒரு ஆயுதம் கூடுதல் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதே சமயம், அன்று ஸ்டார் எதிரணியிடம் கொடுத்த ஒரே பாஸைப் பிடித்தவரும் இதே மிட்செல்தான். அதை யாரும் எழுதுவதில்லை.

கஞ்சிராக்காரி:
சம்பளம்? ரெண்டு பேர்ல யாருக்குக் கை நிறைஞ்சது?

நாலாவது_டவுன்:
அந்த ஆட்டத்தில் ஜெயித்த அணியில் தலைக்கு 15,000 டாலர், தோற்றவர்களுக்கு 7,500. அன்றைய கணக்கில் தோற்றவர் பங்கே பெரிய தொகை. ஆனால் மாதாமாதம் வராது. ஆடாத மாதங்களில் வேறு வேலை பார்த்த ஆட்டக்காரர்கள் ஏராளம். 1966 ஜூனில் போட்டி லீக்குகளான ஏ.எஃப்.எல். (சீஃப்ஸ் ஆடியது), என்.எஃப்.எல். (பாக்கர்ஸ் ஆடியது) இரண்டும் இணைவதாக அறிவித்ததும் ஒரே ஆளுக்கு இரண்டு லீக் போட்டி போட்டு விலை ஏற்றுவது நின்றுபோனது. கார்னர் சட்டென்று இடம் இழக்கிற வேலை வேறு. 1970 ஜனவரியில் சீஃப்ஸ் மினசோட்டா வைக்கிங்ஸை 23-7 என்று வென்ற நாலாவது சூப்பர் பவுலில் இரண்டு கார்னரிலும் ஆரம்பித்தவர்கள் எம்மிட் தாமஸும், அந்த ஆண்டே வந்த புதியவர் ஜிம் மார்சாலிஸும்.

ரிப்பன்மைக்:
தயாரிப்பாளர் பக்கம் கணக்கு வேறு மாதிரி. காசு மூன்று வாய்க்காலில் வரும்: ஸ்டூடியோ வாடகை, மூலப் பதிவான மாஸ்டர் டேப்பின் பங்கு, பாட்டெழுதியவர் பங்கு. 1977இல் ஹை நிறுவனம் க்ரீம் ரெக்கார்ட்ஸுக்கு விற்கப்பட்டது. நிறுவனம் போனால் மாஸ்டரும் அதோடு போகும். ஆனால் 'லெட்ஸ் ஸ்டே டுகெதர்' எழுதியவர்களில் கிரீன், ஜாக்சன் ஆகியோரோடு மிட்செல் பெயரும் உண்டு. 1983இல் டினா டர்னர் அதைத் திரும்பப் பாடியபோது பழைய மாஸ்டருக்கு ஒரு காசும் இல்லை, எழுதியவர்களுக்கு உண்டு. அமெரிக்காவில் சாதாரண வானொலி ஒலிபரப்புக்கும் எழுதியவருக்குத்தான் பணம், பாடியவருக்கோ பதிவுசெய்தவருக்கோ கிடையாது. பழைய பதிவிலிருந்து ஒரு துண்டை வெட்டிச் சாம்பிளாக எடுத்தால் மட்டும் மாஸ்டருக்கும் எழுத்துக்கும் இரண்டுக்கும் கொடுக்க வேண்டும். ரிதம் போடுகிற தம்பிகள் எல்லாம் முதல் நாளே எழுத்துப் பங்கைத் தாளில் போட்டுக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். பாட்டு ஓடின பிறகு கேட்டால் உறவுதான் கெடும்.

ஸ்டூடியோவை மட்டும் அவர் விடவில்லை. 2003இல் அல் கிரீனோடு மறுபடி சேர்ந்து 'ஐ கான்ட் ஸ்டாப்' ஆல்பத்தை அங்கேதான் செய்தார். 2010 ஜனவரி 5இல் காலமானார். குடும்பத்தார் இன்றும் நடத்துகிறார்கள்.

நாலாவது_டவுன்:
ஒன்று சேர்க்க விட்டுவிட்டேன். முதல் சூப்பர் பவுலை சி.பி.எஸ்., என்.பி.சி. இரண்டும் நேரடியாக ஒளிபரப்பின. ஆனால் இரண்டு நிறுவனமும் டேப்பைப் பாதுகாக்கவில்லை. லீக்கின் படப்பிடிப்புக் குழு எடுத்த ஃபிலிம்தான் நமக்குப் பழக்கம், அதில் திரும்பத் திரும்ப வெட்டி ஒட்டுவது மெகீயின் ஒற்றைக் கைப் பிடி. மிட்செல் பற்றித் தீர்ப்பு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அந்தச் சில விநாடிகளை வைத்துத்தான் எழுதுகிறார்கள். ஒரு ஆட்டக்காரரின் பல பருவ வேலையை இப்படி எடைபோடுவது எனக்கு ஒப்பவில்லை.

கஞ்சிராக்காரி:
பழைய ஹை தட்டு வாங்கறதுக்கு யாராவது அடையாளம் சொல்லுங்களேன். மறுபதிப்பை அசல்னு தலையில கட்டிடறாங்க.

இசைத்தட்டு_45:
தட்டின் நடுவில் ஒட்டியிருக்கிற லேபிளின் அடிவிளிம்பைப் படியுங்கள். 1977 விற்பனைக்கு முன் ஹை தட்டுகளை அமெரிக்காவில் விநியோகித்தது லண்டன் ரெக்கார்ட்ஸ், அந்தப் பெயர் இருக்கும். க்ரீம் பெயர் இருந்தால் பிந்தைய அச்சு. எண்ணும் உதவும்: 'லெட்ஸ் ஸ்டே டுகெதர்' சிங்கிள் 2202, ஆல்பம் எஸ்.எச்.எல். 32070. மிட்செலின் '20-75' தட்டுக்குப் பெயர் வந்ததே அதன் எண் 2075 என்பதால்தான். உறையை மட்டும் பார்த்து வாங்க வேண்டாம், பழைய உறைக்குள் புதிய தட்டைப் போட்டு விற்பதும் நடக்கிறது. தட்டை வெளியே எடுத்து, பாட்டு முடிந்து லேபிளுக்கு முன்னால் உள்ள வெற்று வளையத்தில் கீறியிருக்கும் எண்ணையும் லேபிள் எண்ணையும் ஒப்பிட்டுவிட்டுக் காசைக் கொடுங்கள்.