சொல்லாக்கம்: நட்சத்திர மீனின் ‘முட்டையிடு ஹார்மோன்’ ஒன்றா, இரண்டா?

அன்பின் குழுவினருக்கு,

நட்சத்திர மீன், கடல் முள்ளெலி போன்ற முட்தோலிகளைப் பற்றித் தமிழில் எழுதும்போது ‘முட்டையிடு ஹார்மோன்’ என்ற ஒரே சொல் இரண்டு பொருள்களுக்கு நின்றுவிடுகிறது. ஒன்று, நட்சத்திர மீனின் ஆர நரம்பிலிருந்து வரும் பெப்டைடு. மற்றது, அந்தப் பெப்டைடு பட்டதும் முட்டையைச் சுற்றியுள்ள ஃபாலிக்கிள் செல்கள் உண்டாக்கும் 1-மெதில்அடினைன். ஜப்பானிய ஆய்வாளர் கனடானியின் குழுவினர் 1969இல் அடையாளம் கண்டது இரண்டாவதை. பெப்டைடின் அமைப்பு 2009இல்தான் தெரியவந்தது.

முன்னதற்கு ‘இனச்சுரப்பித் தூண்டி’, பின்னதற்கு ‘முட்டை முதிர்வூக்கி’ என்று வைக்கலாமா?

----------

> ஒரே சொல் இரண்டு பொருள்களுக்கு நின்றுவிடுகிறது

பிரித்தே ஆகவேண்டும். ஆய்வுக்கூடத்தில் இந்தக் குழப்பம் நேரடியாகவே காலை வாரும். சூலகத் துண்டுகளைக் கால்சியம் நீக்கிய கடல்நீரில் அலசினால் ஃபாலிக்கிள் செல்கள் கழன்றுவிடும். அப்படி வெறுமையான முட்டைகளைச் சாதாரணக் கடல்நீருக்கு மாற்றி, பெப்டைடு எவ்வளவு ஊற்றினாலும் அசையாது. அது வேலை செய்யவேண்டிய செல்களே அங்கே இல்லை. அதே முட்டைகளில் 1-மெதில்அடினைன் 1 மைக்ரோமோலார் சேர்த்தால், சுமார் 20 டிகிரி செல்சியஸில், அரைமணி நேரத்துக்குள் பெரிய உட்கரு கரைந்து குன்றல் பகுப்பு (குரோமோசோம்களைப் பாதியாக்கும் செல் பகுப்பு) தொடரும். ‘முட்டையிடு ஹார்மோன் சேர்க்கவும்’ என்று மட்டும் செய்முறையில் எழுதியிருந்தால் மாணவர் எதை எடுப்பார்?

விந்தைச் சேர்க்கவேண்டிய நேரமும் இதையொட்டியதே: உட்கரு கரைந்த பிறகு, முதல் துருவச்செல் (குன்றல் பகுப்பில் முட்டையிலிருந்து பிரியும் சிறு செல்) வெளிவருவதற்கு முன். முந்தினாலும் பிந்தினாலும் ஒரு முட்டைக்குள் பல விந்தணுக்கள் புகுந்து கருவளர்ச்சி கெடும்.

‘ஊக்கி’ மட்டும் வேண்டாம். வினையூக்கியைப் படித்தவர் இதையும் நொதி என்றே நினைப்பார். வளர்–வளர்த்து, தளர்–தளர்த்து போல முதிர்–முதிர்த்து, ஆகவே ‘முதிர்த்தி’. கடத்துவது கடத்தி என்றால் முதிர்த்துவது முதிர்த்தியாகலாம். முன்னால் சினை சேர்த்துச் ‘சினைமுதிர்த்தி’. இலக்கணக்காரருக்குச் சினைப்பெயர் நினைவுக்கு வரும். கடற்கரையில் யாருக்கும் வராது.

----------

சினைமுதிர்த்தி எனக்கு உடன்பாடே. ‘இனச்சுரப்பித் தூண்டி’யில்தான் சிக்கல். கொனாடோட்ரோபினுக்கு அதை ஏற்கெனவே சிலர் எழுதுகிறார்கள். முதுகெலும்பிகளின் கொனாடோட்ரோபின் பிட்யூட்டரியில் சுரக்கும் கிளைக்கோபுரதம், இரண்டு துணையலகுகள் கொண்டது. நட்சத்திர மீனின் பெப்டைடோ இன்சுலின் பெருங்குடும்பத்தது. 24 அமினோ அமிலம் கொண்ட ஒரு சங்கிலியும் 19 கொண்ட இன்னொன்றும் டைசல்பைடு பாலங்களால் பிணைந்திருக்கும். வேலை ஒன்று, வழிமரபு வேறு. பொதுச்சொல்லை வேலைக்கு வைத்துக்கொண்டு, பிட்யூட்டரிக் குடும்பத்துக்குக் கொனாடோட்ரோபின் என்ற கடன்சொல்லையே விடலாம்.

இதைவிட மோசமான எடுத்துக்காட்டு சியோனா. அசிடியா (கடற்பீச்சி) வகைக் கடல்விலங்கு, முதுகெலும்பிகளுக்கு நட்சத்திர மீனைவிட நெருங்கிய உறவு. அதில் ஜி.என்.ஆர்.எச். (முதுகெலும்பிகளில் கொனாடோட்ரோபினை விடுவிக்கும் ஹார்மோன்) பெப்டைடுகள் பல உண்டு. செலுத்தினால் பாலணுக்கள் வெளியேறும். ஆனால் எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்ற கொனாடோட்ரோபின்கள் இரண்டுமே அதன் மரபணுத்தொகையில் இல்லை. ‘கொனாடோட்ரோபின் விடுவிப்பு ஹார்மோன்’ என்று பெயர்த்தால், இல்லாத ஒன்றை விடுவிப்பதாகச் சொல்கிறோம். அங்கே எழுத்துப்பெயரோடு நிறுத்திக்கொள்வதே நேர்மை.

----------

இரண்டு திருத்தம்.

ஒன்று, ஒரு வரைவில் நட்சத்திர மீனின் பெப்டைடுக்கு ‘ரிலாக்சின்போலி’ என்று பார்த்தேன். ரிலாக்சின் இன்சுலின் பெருங்குடும்பத்து ஹார்மோன். முதற்போலி, கடைப்போலி தெரிந்தவருக்குச் சரி. மற்றவருக்கு அது கள்ள ரிலாக்சின். அந்தப் பெப்டைடு உண்மையிலேயே அக்குடும்பத்தைச் சேர்ந்தது. ‘ரிலாக்சின் குடும்ப இனச்சுரப்பித் தூண்டி’ நீளம்தான், பொய் இல்லை.

இரண்டு, ஆண் நட்சத்திர மீனின் விந்தகமும் 1-மெதில்அடினைனை உண்டாக்கி விந்தை வெளியேற்றுகிறது. அங்கே சினை ஏது? எனவே சினைமுதிர்த்தியைப் பொருளின் பெயராக வைக்காமல் வேலையின் பெயராக வரையறுக்கவேண்டும். அப்படி வைத்தால் மீன்களுக்கும் பொருந்தும்: அமாகோ சால்மனில் 1985இல் கண்ட ஸ்டீராய்டும் சினைமுதிர்த்தியே. பெப்டைடு, ஸ்டீராய்டு, அடினைன் எதுவானாலும் வெளியிலிருந்து முட்டையின் மேற்பரப்பில் பட்டு வேலை செய்யவேண்டும். 1-மெதில்அடினைனை முட்டைக்குள்ளேயே ஊசியால் செலுத்தினால் ஒன்றும் நடக்காது. உள்ளே உருவாகி செல் பகுப்பைத் தொடக்கும் சைக்ளின் பி–சிடிகே1 என்ற புரதக் கூட்டைச் ‘சினைமுதிர்த்தி’ என்று யாரும் எழுதிவிடக்கூடாது. அதற்கு ‘அகமுதிர்வுக் காரணி’.

----------

அகமுதிர்வுக் காரணி நன்று. மூன்றாவது செயலான பாலணு வெளியேற்றத்துக்கு ‘உதிர்த்தி’ வைக்கலாமா என்று தனிமடலில் ஒருவர் கேட்டிருந்தார். முதிர்த்தி, உதிர்த்தி: தட்டச்சில் ஒரு மகரம் விழுந்தால் பொருளே மாறும், வேண்டாம். ‘பாலணு வெளியேற்றி’ போதும். கடல் முள்ளெலிக்கு அதுதான் தேவை. வாயைச் சுற்றிய மென்சவ்வு வழியே 0.5 மோலார் பொட்டாசியம் குளோரைடு செலுத்தினால் இனச்சுரப்பியின் தசை சுருங்கி முட்டை வழியும். அந்த முட்டைகள் குன்றல் பகுப்பை முன்பே முடித்தவை. பொட்டாசியம் குளோரைடு வெளியேற்றிதான், முதிர்த்தியும் அல்ல, ஹார்மோனும் அல்ல. நட்சத்திர மீனில் 1-மெதில்அடினைன் இரண்டு வேலையும் செய்வதால் அதன் பதிவில் இரு சொற்களும் வரட்டும்.