ஹெபடைடிஸ் சி: மருந்தை இப்போதே தொடங்குவதா, தள்ளிப்போடுவதா?

கேள்வி:
என் தந்தைக்கு வயது 58. கண்புரை அறுவைக்கு முன் எடுத்த இரத்தப் பரிசோதனையில் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி கிருமி இருப்பது தெரியவந்து, இரத்தத்தில் கிருமியையே தேடும் ஆர்.என்.ஏ. பரிசோதனையும் அதை உறுதிசெய்தது. கல்லீரலின் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கேனில் தழும்பு குறைவு என்பதாலும், உபாதை எதுவும் இல்லை என்பதாலும், ஓராண்டு பொறுக்கலாமா என்று யோசிக்கிறோம். உறவினர் ஒருவர் இந்நோய்க்கு முன்பு போடப்பட்ட இன்டர்ஃபெரான் ஊசியால் பட்ட பாடு கண்முன் நிற்கிறது.

மறுமொழி 1:
அந்த ஊசியின் காலம் போய்விட்டது, ஐயா. சோஃபோஸ்புவிரும் வெல்பாட்டாஸ்விரும் சேர்ந்த மாத்திரையை நாளுக்கு ஒன்றாக 12 வாரம் எடுத்தால், நூற்றில் ஏறத்தாழ 95 பேர் குணமடைகிறார்கள். தழும்பு குறைவாக இருப்பது தொடங்குவதற்கான காரணமே தவிர, காத்திருப்பதற்கானதன்று. கல்லீரல் இறுகிச் சுருங்கிய பின் கிருமி நீங்கினாலும் புற்றுநோய் அபாயம் முழுதும் அகலாததால், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் தொடர வேண்டியிருக்கும்.

மறுமொழி 2:
முதலில் ஹெபடைடிஸ் பி பரிசோதனை அவசியம். சி கிருமி அடங்கும்போது மறைந்திருக்கும் பி கிருமி தலைதூக்கக்கூடும். வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமிப்ரசோல் உட்கொண்டால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள், ஏனெனில் வெல்பாட்டாஸ்விர் உடலில் சேர்வதை அது குறைக்கும். நான் கர்ப்பமாக இருந்தபோது என் சிகிச்சையை மருத்துவரே ஒத்திவைத்தார். அது வேறு கதை. செலவுதான் தயக்கமென்றால், 2018இல் தொடங்கிய இந்திய அரசின் தேசியத் திட்டத்தில் ஹெபடைடிஸ் சி மருந்து இலவசம்.

கேள்வி கேட்டவர்:
ஒமிப்ரசோலை அவர் பல ஆண்டுகளாக விழுங்கிவருகிறார். நாளையே மருத்துவரிடம் கேட்கிறேன்.