கை கழுவுறது: ஃபால்ஸ் ஃப்ரெண்டுக்கு தமிழ்ல என்ன சொல்லலாம்?

ஐயா வணக்கம், ரெண்டு மொழியில ஒண்ணுபோலத் தெரிஞ்சாலும் பொருள் வேறயா இருக்கற சொல்ல இங்கிலீஷ்ல ஃபால்ஸ் ஃப்ரெண்டுன்னு சொல்றாங்க, போன மடல்ல அதுக்கு ‘போலி நண்பன்’னு போட்டிருந்தீங்க. எனக்கு அது ஒத்துவரல. நண்பன்ங்கறது 1928ல பிரெஞ்சுல ஆரம்பிச்ச பேச்சு, தமிழ்ல படிக்கிறவங்களுக்கு அதுல ஒண்ணுமே விளங்காது. அதைவிடப் பெரிய சிக்கல் ‘போலி’ல இருக்கு. நம்ம இலக்கணத்துல போலின்னா எழுத்து மாறியும் பொருள் மாறாதது, பந்தல் பந்தர் மாதிரி. நமக்கு வேண்டியது அப்படியே தலைகீழ், உருவம் ஒண்ணு பொருள் வேற.

சீனப் பிள்ளைங்க இங்கிலீஷ்ல ஹேண்ட், அதாவது கைங்கற சொல்லப் படிக்கிறத வச்சே பாருங்க. சீனத்துல கைக்கு ஷொவ். கப்பல்ல வேலை செய்யறவர் ஷுய்ஷொவ், அதாவது தண்ணீர்க் கை, பழுத்த அனுபவசாலி லாவ்ஷொவ், பழைய கை. இங்கிலீஷ்லயும் கப்பல் ஆட்கள் ஹேண்ட்ஸ், அனுபவசாலி ஓல்ட் ஹேண்ட், அதனால இங்க பிள்ளைங்களுக்குக் கஷ்டமே இல்ல, நமக்கும் புதுச்சொல் வேண்டாம், ‘தலைக்கு ஒரு பழம் கொடு’ன்னு படிச்சோமே, உறுப்போட பேரு ஆளுக்கு ஆகி வர்ற அந்தச் சினையாகுபெயரே போதும்.

ஆனா கை கழுவுறதுல மாட்டிக்குவாங்க. இங்கிலீஷ்ல ஒரு விஷயத்துல கை கழுவிட்டேன்னா இனி அதுக்கு நான் பொறுப்பில்லன்னு அர்த்தம், பைபிள்ல ஏசுவ விசாரிச்ச பிலாத்து ஜனங்க முன்னாடி தண்ணி எடுத்துக் கழுவினாரே அது. சீனத்துல ஷி ஷொவ், அதாவது கை கழுவுறதுன்னா, பாத்ரூம் போய் கழுவுறதும் உண்டு, கெட்ட தொழில விட்டுத் திருந்துறதும் உண்டு, ரவுடி ஒருத்தர் தங்கப் பாத்திரத்துல கை கழுவினாருன்னா தொழிலுக்கே முழுக்குப் போட்டுட்டாருன்னு அர்த்தம். இப்ப ஒரு சீனப் பொண்ணு இங்கிலீஷ் வாக்கியத்தப் படிச்சிட்டு ‘ஓ இந்த ஆள் திருந்திட்டான்’னு நெனச்சா அவ மேல தப்பே இல்ல, ஒவ்வொரு சொல்லும் அவளுக்குத் தெரிஞ்சதுதான். அரிப்பும் இப்படித்தான், சீனத்துல கை அரிச்சா செஞ்சு பாக்கணும்னு ஆசை, இங்கிலீஷ்ல உள்ளங்கை அரிச்சா பணத்தாசை, நம்ம ஊர்ல காசு வரப்போகுதுன்னு பாட்டி சொல்லும்.

அதனால என் முன்மொழிவு ‘மயக்குசொல்’, தொடரா இருந்தா ‘மயக்குதொடர்’. வினைத்தொகைங்கறதால நடுவுல ஒற்று வேண்டாம். உருபு மயக்கம்னு நம்ம இலக்கணத்துல ஏற்கனவே இருக்கு, ஐ, கு மாதிரி ஒரு வேற்றுமை உருபு வரவேண்டிய இடத்துல இன்னொண்ணு வர்றது, இங்கயும் ஒரு மொழியோட பொருள் இன்னொரு மொழி சொல்லுல வந்து உக்காந்துக்குது, நல்லாவே பொருந்துது. இது ‘பொருள் மயக்கம்’ங்கறதோட சேர்ந்து குழம்பாதான்னு எங்க அக்கா கேட்டிருந்தாங்க, அது ஒரே மொழிக்குள்ள ரெண்டு அர்த்தம் தர்றது, இது ரெண்டு மொழிக்கு நடுவுல நடக்கறது, விளக்கத்துல ஒரு வரி சேர்த்துட்டா போதும்.

கடிகார முள்ள மட்டும் இந்தப் பட்டியல்ல சேர்க்க வேணாம். இங்கிலீஷ்ல அது கை, சீனத்துல ஊசி, நமக்கு முள்ளு. சொல்லே வேறயா இருக்கறப்ப மயங்க இடமில்ல.