புல்லுருவி புற ஒட்டுண்ணியா, அக ஒட்டுண்ணியா?

கேள்வி: காவேரிப்பட்டணத்திலிருந்து

அனைவருக்கும் வணக்கம். பதினோராம் வகுப்பில் உயிரியல் படிக்கும் என் மகள் ஒட்டுண்ணிகளை வகைப்படுத்தி ஓர் அட்டவணை தயாரிக்கிறாள். பேனையும் உண்ணியையும் புற ஒட்டுண்ணி என்றும், நாடாப்புழுவை அக ஒட்டுண்ணி என்றும் எழுதியவள், எங்கள் தோப்புப் பெங்களூரா மாமரத்தில் வளர்ந்திருக்கும் புல்லுருவிக்கு வந்ததும் எழுதுகோலை வைத்துவிட்டாள். அதன் இலையும் பூவும் வெளியில்தான் இருக்கின்றன. ஆனால் அது ஒட்டியிருந்த கிளையை அறுத்துப் பார்த்தபோது, முண்டுபோல் வீங்கிய இடத்தில் மரத்துக்குள் ஆப்பு இறக்கியதுபோல் அதன் பகுதி புகுந்திருந்தது. இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

பதில் 1: அரூரிலிருந்து, ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்

அம்மா, கிளையை அறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்கும் மாணவியை நினைத்தால் மனம் நிறைகிறது. ஒட்டுண்ணி என்பது ஓர் உயிரினக் குடும்பத்தின் பெயரன்று, ஒரு வாழ்க்கை முறையின் பெயர். அதனால் ஒரே அட்டவணைக்குள் அனைத்தையும் அடைக்க முடியாது. ஒவ்வோர் உயிரியிடமும் பல கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

பிறப்பு வழியில் பார்த்தால், விலங்குகளைத் தாக்குபவை ஒரு செல் உயிரிகள், புழுக்கள், கணுக்காலிகள் என்று பிரிகின்றன. புற, அக என்பது இருக்கும் இடத்தை மட்டும் சொல்கிறது. ஓம்புயிரி, அதாவது ஒட்டுண்ணிக்கு உணவளிக்கும் உயிரி, இல்லாமல் வாழ்க்கையை முடிக்கவே இயலாததைக் கட்டாய ஒட்டுண்ணி என்றும், தனித்தும் வாழக்கூடியதை விருப்ப ஒட்டுண்ணி என்றும் கூறுவர். கொசுவைப் போல் உணவுக்கு மட்டும் வந்து செல்வது தற்காலிக ஒட்டுண்ணி.

மாட்டு உண்ணியை எடுத்துக்கொள்ளுங்கள். நம் கறவை மாடுகளில் பெரிதும் காணப்படும் ஓர் இனம், குஞ்சுப் பருவத்திலிருந்து ஏறத்தாழ 3 வாரங்கள் ஒரே மாட்டின் மேல் இருந்து, இரத்தம் குடித்து ஆமணக்கு விதைபோல் உப்பியபின் தரையில் விழுந்து முட்டையிடுகிறது. இது புற ஒட்டுண்ணி, கட்டாய ஒட்டுண்ணி, ஓர் ஓம்புயிரி உண்ணி ஆகிய மூன்றும் ஆகும். அதே உண்ணி பபேசியா என்னும் ஒரு செல் உயிரியை மாட்டின் இரத்தத்தில் செலுத்தும்போது நோய்க்கடத்தியும் ஆகிறது. மாடு காப்பி நிறத்தில் சிறுநீர் கழிப்பது அந்நோயின் அடையாளம். பபேசியாவின் பாலினப் பெருக்கம் உண்ணியின் உடலில் நடப்பதால், உண்ணிதான் அதற்கு முதன்மை ஓம்புயிரி, மாடு இடைநிலை ஓம்புயிரி. மலேரியாவிலும் அவ்வாறே கொசு முதன்மை, மனிதன் இடைநிலை. நோயின் துன்பத்தைப் படுபவர் நாம் என்பதற்காக முதன்மை இடம் நமக்குக் கிடைப்பதில்லை.

தாவர ஒட்டுண்ணிகளைப் பற்றி என்னைவிட நன்கறிந்தவர் எழுதட்டும்.

பதில் 2: போச்சம்பள்ளியிலிருந்து, தாவரவியல் படித்த விவசாயி

புற, அக என்ற பாகுபாடு விலங்கியலிலிருந்து வந்தது. பூக்கும் தாவரங்களில் அதைத் தேடக் கூடாது. அங்கே கேட்க வேண்டியவை இரண்டே. ஒட்டியிருப்பது தண்டிலா, வேரிலா? உணவு முழுவதையும் உறிஞ்சுகிறதா, நீரையும் தாது உப்புகளையும் மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைத் தானே தயாரிக்கிறதா?

புல்லுருவியின் இலை பச்சையாக இருப்பதால் அது பகுதித் தண்டு ஒட்டுண்ணி. உங்கள் மகள் கண்ட ஆப்பு, ஹாஸ்டோரியம் எனப்படும் உறிஞ்சு உறுப்பு. அது மரத்தின் நீர்க்குழாய்களுடன் இணைந்துகொள்கிறது. இலையை மட்டும் ஒடித்தால் மறுபடியும் துளிர்த்துவிடும் என்பதால், முண்டுக்குக் கீழே சற்று இறக்கிக் கிளையையே வெட்டி எடுக்கிறோம். பச்சையமின்றி மஞ்சள் நூலாகப் படரும் கஸ்குட்டா முழுத் தண்டு ஒட்டுண்ணி. புகையிலை வயலில் முளைக்கும் ஒரோபாங்கி முழு வேர் ஒட்டுண்ணி.

சோளத்தில் வரும் சுடுமல்லி தனித்துச் சொல்லத்தக்கது. இலை பச்சையாக இருந்தும், ஓம்புயிரி வேர் கசியும் வேதிப்பொருள் பட்டால்தான் அதன் விதை முளைக்கும். அதுவரை பல ஆண்டுகள் மண்ணில் உயிரோடு காத்திருக்கும். ஆகவே அது பகுதி ஒட்டுண்ணியாகவும் கட்டாய ஒட்டுண்ணியாகவும் ஒரே நேரத்தில் இருக்கிறது. இவ்விரு சொற்களையும் எதிர்ச்சொற்களாகக் கருதித் தவறுபவர்கள் மிகுதி.

பதில் 3: பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து

குச்சிக்கிழங்கு (மரவள்ளி) பயிரிடுபவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்கிறேன். மாவுப்பூச்சியைக் கட்டுப்படுத்த ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து தருவித்து 2022இல் வயல்களில் விட்ட அனகைரஸ் லோபெசி என்ற குளவியையும் ஒட்டுண்ணி என்றே சொல்கிறோம். அது மாவுப்பூச்சிக்குள் முட்டையிட, புழு உள்ளிருந்தே தின்று பூச்சியைக் கொன்றுவிட்டு வெளிவருகிறது. உண்ணியோ நாடாப்புழுவோ தன் ஓம்புயிரி உயிரோடு இருப்பதால்தான் பிழைக்கிறது. குளவியின் வளர்ச்சியோ ஓம்புயிரியின் சாவில்தான் முடிகிறது. எனவே இதற்கு வேறு கட்டம் வேண்டும்.

கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. அட்டவணையைக் கிழித்துவிட்டு, உயிரிகளைக் கிடைவரிசைகளிலும் கேள்விகளை நெடுவரிசைகளிலும் எழுதத் தொடங்கியிருக்கிறாள். சித்தேரி மலைப் பக்கத்திலுள்ள எங்கள் உறவினர், சந்தனக் கன்றை வைக்கும்போது அருகில் துவரையை விதைக்கிறாரே, அதுவும் இதைச் சேர்ந்ததா?

பதில் 2 எழுதியவர்

ஆம் அம்மா. சந்தனமும் பகுதி வேர் ஒட்டுண்ணியே. அதன் இலை உணவு தயாரித்தாலும், வேர்கள் பக்கத்துச் செடியின் வேரைப் பற்றி நீரையும் சத்துகளையும் எடுக்கின்றன. கன்றுக்குத் துவரை முதல் துணை. மரம் வளர்ந்தபின் நீடித்து நிற்கும் வேறு மரங்கள் அருகில் வேண்டும். துவரையின் வேரைச் சந்தன வேர் தொடும் இடத்தில் மண்ணை மெல்ல விலக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். சிறு பொத்தான்போல் ஒட்டியிருக்கும் உறிஞ்சு உறுப்பைக் கண்ணாலேயே காணலாம்.