பஞ்சாயத்து எலெக்‌ஷனுக்கு ஆச்சி வீட்டிலிருந்தே ஓட்டுப் போட வழி இருக்கா?

களக்காட்டுப் பேரன்:
ஆச்சிக்கு 85 தாண்டிவிட்டது. 2024 நாடாளுமன்றத் தேர்தலில் 12டி படிவம் கொடுத்தோம், அதிகாரிகளும் போலீஸும் வீடியோ எடுப்பவருமாக வீட்டுக்கே வந்து ஓட்டு வாங்கிப் போனார்கள். அதற்கப்புறம் இடுப்பு எலும்பு முறிந்து, இப்போது வாக்கர் பிடித்துத் திண்ணை வரைக்கும்தான் வருகிறாள். கை நடுக்கமும் உண்டு. ஆனால் பஞ்சாயத்து ஓட்டை விடவே மாட்டேன் என்கிறாள். உள்ளாட்சிக்கும் 12டி உண்டா? தெருவில் ஒருவர் "நீயே ஆச்சி ஓட்டையும் போட்டுரு" என்கிறார், அது சரியா? சித்தி டீச்சர், அவளுக்கு எலெக்‌ஷன் டியூட்டி வரும். அவள் ஓட்டு என்ன ஆகும்?

பாளை அண்ணாச்சி:
தம்பி, 12டி சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் உள்ளது. அதை நடத்துவது இந்தியத் தேர்தல் ஆணையம். உள்ளாட்சியை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம், சட்டமும் விதியும் வேறு. நம்ம திருநெல்வேலி மாவட்டத்தில் 2021 அக்டோபர் 6, 9 தேதிகளில் ஊரகத் தேர்தல் நடந்தபோது வீட்டுக்கு வந்து ஓட்டு வாங்கவில்லை. இந்த முறையும் பூத்துக்குப் போவதாகவே நினைத்து ஏற்பாடு பண்ணுங்க. எனக்கு இது பெரிய ஆதங்கம். குழாயில் தண்ணி வரலைன்னா யாரிடம் போய் நிற்போமோ அவரைத் தேர்ந்தெடுக்கிற ஓட்டுதான் முடியாதவர்களுக்கு எட்டாமல் இருக்கிறது. வார்டு உறுப்பினர் பதவி சில ஓட்டு வித்தியாசத்தில் போகும், சமமாக வந்தால் குலுக்கல்தான்.
உங்கள் தெருக்காரர் சொன்னதைக் கேட்டுவிடாதீங்க. அது ஆள்மாறாட்டம், குற்றம்.

முன்னாள் பூத் அலுவலர்:
துணைக்கு ஆள் கூட்டிப்போகலாம், ஆனால் ஒன்றைப் புரிஞ்சுக்கணும். நடக்க முடியாதது வேறு, முத்திரை குத்த முடியாதது வேறு. நடக்க மட்டும் சிரமம் என்றால் ஓட்டுக் குத்துகிற மறைப்பு வரைக்கும்தான் துணை, உள்ளே ஆச்சி மட்டும்தான். கண் தெரியாமலோ கை நடுக்கத்தாலோ தானே குத்த முடியாது என்று பூத்தின் தலைமை அலுவலருக்குத் தெரிந்தால்தான் துணையாளும் உள்ளே போகலாம். ரகசியம் காப்பேன் என்று எழுதிக்கொடுக்கணும், ஒருத்தர் அன்றைக்கு ஒரே ஒருவருக்குத்தான் துணை. வயது வந்தவராக இருக்கணும்.
அப்புறம், ஊரகத்தில் மெஷின் கிடையாது. வார்டு உறுப்பினர், தலைவர், ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர் என்று நாலு சீட்டு, நாலு நிறம். நடுங்குகிற கைக்கு நாலிலும் குத்தி மடித்துப் பெட்டியில் போடுவது லேசில்லை. மை காயுமுன் மடித்தால் எதிர்ப்பக்கம் ஒட்டும். முத்திரையின் அமைப்பே எது நேர்க்குத்து, எது ஒட்டின அச்சு என்று தெரியும்படிதான் இருக்கு, அதனால் பயப்பட வேண்டாம். ஆனால் இரண்டு சின்னத்துக்கும் நடுக்கோட்டில் விழுந்து, யாருக்கென்றே தெரியாவிட்டால் செல்லாது. வீட்டில் ஒரு காகிதத்தைக் கட்டம் போட்டு, ரப்பர் ஸ்டாம்பு வைத்துப் பழக்கிப் பாருங்க. அவளே குத்திவிட்டால் அதுதான் நல்லது.

களக்காட்டுப் பேரன்:
ரொம்ப நன்றி அண்ணாச்சி. பூத் இருக்கிற பள்ளிக்கூடத்தில் வாசலில் மூன்று படி. வேட்பாளர் ஒருத்தர் வண்டி அனுப்புவதாகச் சொல்கிறார்.

முன்னாள் பூத் அலுவலர்:
வேட்பாளர் வண்டி வேண்டவே வேண்டாம், ஓட்டுக்காக ஆள் ஏற்றிப்போவது விதிமீறல். சொந்தமா ஆட்டோ பேசிக்கோங்க. படி விஷயத்தை இப்போதே ஒன்றிய அலுவலகத்தில் மனுவாக எழுதிக்கொடுத்து, சாய்தளமும் சக்கர நாற்காலியும் கேளுங்க, கொடுத்த நகலில் சீல் வாங்கிக்கோங்க. காலையிலேயே போய் வாசலில் இருக்கிற போலீஸிடம் சொன்னால் வரிசையில் நிற்காமல் முன்னால் விடுவார்கள்.

மானூர் டீச்சர்:
சித்தி விஷயத்துக்கு நான் சொல்கிறேன். டியூட்டியில் இருப்பவர்களுக்குத் தபால் ஓட்டு உண்டு. பயிற்சி வகுப்புக்குப் போகும்போதே அங்கே விண்ணப்பம் கேட்கச் சொல்லுங்க, வாக்காளர் பட்டியல் பாகம் எண், வரிசை எண் கையில் இருக்கட்டும். சீட்டு வந்ததும் நிறையப் பேர் கோட்டை விடுவது உறுதிமொழிப் படிவத்தில்தான். அதில் அதிகாரியின் அத்தாட்சிக் கையெழுத்து இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் ஓட்டை எண்ணவே மாட்டார்கள். எண்ணிக்கை தொடங்குமுன் போய்ச் சேரணும், அதனால் கடைசி நாள் வரைக்கும் வைத்துக்கொண்டிருக்க வேண்டாம்.

களக்காட்டுப் பேரன்:
சரி டீச்சர், சித்தியிடம் இதை அப்படியே அனுப்பிவிடுகிறேன். மனு எழுதி திங்கட்கிழமை ஒன்றிய அலுவலகத்துக்குப் போகிறேன், என்ன சொன்னார்கள் என்று இங்கேயே எழுதுகிறேன்.