மூலக்கோப்புகள் இல்லாத டிவிடி மெனுவில் பெயர்ப்பிழையைத் திருத்த முடியுமா?

கேள்வி:

என் பெற்றோரின் அறுபதாம் கல்யாணம் 2011-இல் திருக்கடையூரில் நடந்தது. அதைப் படமெடுத்த ஸ்டுடியோ தந்த டிவிடியின் மெனுவில் அம்மாவின் பெயர் ‘விசாலாட்சி’ என்பதற்குப் பதிலாக ‘விசாலட்சி’ என்று இருக்கிறது. அத்துடன், ‘மாங்கல்ய தாரணம்’ பட்டனை அழுத்தினால் அதற்கு முந்தைய கலசாபிஷேகக் காட்சியே ஓடுகிறது. அந்த ஸ்டுடியோ இப்போது இல்லை, மூலக்கோப்புகளும் கிடைக்கவில்லை. மெனு அசையாத படம்தான், இசையும் கிடையாது. அப்பா வட்டைப் போடும்போதெல்லாம் முதலில் கண்ணில் படுவது அந்தப் பெயர் என்பதால், உறவினர்களுக்குப் பிரதி எடுக்கும் முன் இதைச் சரிசெய்ய விரும்புகிறேன். படத்தின் தரம் குறையாமல் இதைச் செய்ய வழி உண்டா?

மறுமொழி 1:

காட்சிகளைத் தனியே பிரித்தெடுத்து, டிவிடிஸ்டைலர் போன்ற மென்பொருளில் புதிய மெனுவுடன் வட்டை மீண்டும் அமைத்துவிடலாம். நான் அப்படித்தான் செய்வேன்.

மறுமொழி 2:

மேலே சொன்ன வழி தவறில்லை. ஆனால் ஓர் எழுத்துக்காகவும் ஒரு பட்டனுக்காகவும் முழு வட்டையும் மறுபடி கட்ட வேண்டியதில்லை. உங்களிடம் இருப்பவை தொடர்பில்லாத இரண்டு பிழைகள்.

டிவிடி மெனுவில் தெரியும் எழுத்துகள் எழுத்துகளாகச் சேமிக்கப்படுவதில்லை. பின்னணியோடு கலந்து எம்பெக்-2 என்ற வீடியோ வடிவத்தில் ஒரே படமாகிவிடுகின்றன. ஆகவே பெயரைத் தட்டச்சு செய்து மாற்ற முடியாது, படத்தைத்தான் திருத்த வேண்டும். முதலில் வட்டில் உள்ள வீடியோ_டிஎஸ் (VIDEO_TS) கோப்புறையை முழுவதுமாகக் கணினிக்கு நகலெடுத்து, அதன் இன்னொரு நகலைத் தொடாமல் வைத்துவிடுங்கள். டிவிடிரீமேக் ப்ரோவில் (கட்டணத்துக்கு விற்கப்பட்ட பழைய மென்பொருள்) மெனுவின் பின்னணியைப் படக்கோப்பாக வெளியே எடுத்து, திருத்தியபின் மீண்டும் உள்ளே வைக்கலாம். நம் நாட்டுத் தொலைக்காட்சி முறையான பால் (PAL) வட்டில் அந்தப் படம் 720×576 புள்ளிகள் கொண்டது. கணினியில் சற்றே ஒடுங்கித் தெரிந்தாலும் அளவை மாற்றவே கூடாது.

அதே எழுத்துருவைத் தேடி அலைய வேண்டாம். அதே பெயரின் ‘சா’வில் உங்களுக்குத் தேவையான துணைக்கால் இருக்கிறது. ‘ட்சி’யை வலப்புறம் நகர்த்தி, அந்தக் காலை ‘ல’வுக்குப் பின் ஒட்டி, பின்னணியைப் பக்கத்துப் பகுதியிலிருந்து எடுத்து நிரப்புங்கள். தலைப்பில் திருத்துவதால் வேலை இவ்வளவோடு முடிகிறது. பிழை பட்டனின் மேலேயே இருந்திருந்தால், தேர்ந்தெடுக்கும்போது ஒளிரும் நிறம் நான்கு நிறங்களுக்கு மேல் இல்லாத தனிப் படலமாக இருப்பதால், அதையும் புது எழுத்து வடிவத்துக்கு ஏற்ப மாற்ற நேர்ந்திருக்கும்.

பட்டன் பிழை அதைவிட எளிது. இலவசமாகக் கிடைக்கும் பிஜிசிஎடிட் (PgcEdit) மென்பொருளில் அந்த மெனுவைத் திறந்தால் ஒவ்வொரு பட்டனுக்கும் உரிய கட்டளை தெரியும். கட்டளையில் அத்தியாய எண் (எந்தக் காட்சிப் பகுதிக்குச் செல்ல வேண்டும் என்பது) நேரடியாக இருந்தால் அதை மட்டும் மாற்றிச் சேமியுங்கள். இந்தக் கட்டளைகள் உள்ள ஐஎஃப்ஓ (IFO) கோப்புக்கு இணையான பியுபி (BUP) காப்புக் கோப்பையும் அதுவே புதுப்பித்துவிடும். இந்த இரண்டு திருத்தங்களிலும் கல்யாணக் காட்சிகள் மறுகுறியாக்கம் (வீடியோவை மீண்டும் சுருக்கிப் பதிவது) செய்யப்படுவதில்லை. நீங்கள் அஞ்சும் தரக்குறைவுக்கு இடமே இல்லை.

மறுமொழி 3:

ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். கணினித் திரையில் நன்றாகத் தெரியும் மெல்லிய கிடைக்கோடுகள் பழைய குழாய்த் தொலைக்காட்சியில் நடுங்கும். ஒட்டிய துணைக்காலின் மேல்கோடு ஒரே புள்ளி உயரத்துக்கு மெலிந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். டிவிடி-ஆர் வட்டில் எழுதியதைத் திருத்த இயலாது என்பதால், முதலில் கணினியில் வீஎல்சி (VLC) என்ற வீடியோ பிளேயரில் எல்லாப் பட்டன்களையும் அழுத்திப் பாருங்கள். பிறகு மீண்டும் எழுதக்கூடிய ஆர்டபிள்யூ வட்டில் இம்ஜ்பர்ன் (ImgBurn) என்ற வட்டெழுதும் மென்பொருள் கொண்டு எழுதி, அப்பாவின் பிளேயரிலேயே சோதியுங்கள்.

கேட்டவர்:

அனைவருக்கும் நன்றி. கட்டளையில் 3 என்றிருந்த அத்தியாய எண்ணை 4 ஆக்கியதும் மாங்கல்ய தாரணம் சரியாக ஓடியது. பெயரை ஒட்டுவதற்குத்தான் ஒரு மாலைப்பொழுது பிடித்தது. முதன்முறை துணைக்கால் அடுத்த எழுத்தை உரசி நின்றதால், ‘ட்சி’யை இன்னும் நான்கு புள்ளிகள் தள்ளினேன். சோதனை வட்டு அப்பாவின் பிளேயரில் தடையின்றி ஓடுகிறது. அம்மாவின் பெயரை அவர் வாய்விட்டுப் படித்தார். உறவினர்களுக்கான ஆறு பிரதிகளை நாளை எழுதப் போகிறேன்.